பீம்தாலில் எத்தனை ஆறு மணி?

வாயைத் திறந்தேன். அவர் விரலைத் தூக்கினார்.

பீம்தால் ஏரிக்கு மேலே ஒரு மலைச்சரிவு. அதில் ஒரு முள்செடிக்குப் பின்னால் நானும் என் கணவரும் குந்தியிருந்தோம். முதல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. தரையின் ஈரம் புடவை வழியாக ஏறிக்கொண்டிருந்தது. பைன் மரத்து ஊசி இலைகள் மக்கிய வாசனை, சாம்பிராணியோடு கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தது மாதிரி, மூக்கை நிறைத்தது.

"ஏங்க, ஒரு விஷயம்..." என்றேன்.

"சும்னிரு. பறந்துடும்."

எதிர்க் கிளையில் நீலப் பறவை ஒன்று உட்கார்ந்திருந்தது. சிவந்த அலகு. உடம்பைவிட இரண்டு மடங்கு நீளத்தில் வால். காற்றடித்தால் வால் ஒரு பக்கம் போகும், உடம்பு ஒரு பக்கம் போகும். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாலைப் பிடித்து ஒரு இழு இழுக்கலாம் போல எனக்கு எரிச்சல் வந்தது.

இமயமலைக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. நான் "ஒரு விஷயம்" என்று ஆரம்பிப்பதும், உடனே ஏதாவது ஒரு பறவை வந்து உட்காருவதும், அவர் விரலைத் தூக்குவதுமாகவே அந்த மூன்று நாளும் போயிருந்தன.

என் கல்யாணத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்கள் கணவரோடு முதல் சண்டை எப்போது போட்டீர்கள்?" என்று கேட்டிருந்தார். இதோ சொல்கிறேன் அம்மா. இமயமலையில்தான் போட்டேன். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அவரும் அவர் பைத்தியமும்

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் "அவர்", "அவர்" என்றே எழுதி வந்திருக்கிறேன். பெயர் பசவராஜு. எழுதிவிட்டேன், ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஓசூர்ப் பக்கம், கன்னட எல்லையை ஒட்டிய ஜவளகிரி வனச்சரக அலுவலகத்தில் அவர் எழுத்தர். வேலை மரக்கணக்கு எழுதுவது, மனசெல்லாம் மரத்தில் உட்காருகிற பறவைமேல். பெங்களூரில் பழைய சாமான் கடையில் வாங்கிய பைனாகுலர் ஒன்று எப்போதும் கழுத்தில் தொங்கும். அதில் ஒரு கண் மட்டும்தான் சரியாகத் தெரியும். மற்றது புகைமூட்டம்.

அவர் வீட்டில் எல்லோரும் கன்னடம் பேசுவார்கள். நான் நாட்றாம்பாளையத்துக்காரி, தமிழ் தவிர ஒன்றும் தெரியாது. மாமியார் ஏதாவது கேட்டால் சிரிப்பேன். எல்லாவற்றுக்கும் சிரித்ததால், "ரொம்ப அடக்கமான பொண்ணு" என்று பேர் வாங்கிவிட்டேன். ஒரு வருஷத்தில் கன்னடம் நன்றாகப் புரிய ஆரம்பித்தது. அதற்குள் அடக்கம் என்கிற பேர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதை உரித்து எடுப்பது எப்படி என்று தெரியவில்லை.

நான் கற்றுக்கொண்ட முதல் கன்னட வார்த்தையே "சும்னிரு". பேசாமல் இரு என்று அர்த்தம். அதட்டலாகச் சொல்ல மாட்டார். காட்டில் பறவையைக் கண்டதும், தன்னை மறந்து, பக்கத்தில் யார் இருந்தாலும் சொல்லுவார். ஒரு முறை ரேஞ்சரிடமே சொல்லிவிட்டு நாலு நாள் அவர் கண்ணில் படாமல் சுற்றினார்.

சமையலறைக்கு வந்த விருந்தாளி

கல்யாணமான வருஷம், ஐப்பசி மழையில், எங்கள் சமையலறைக்குள் ஒரு குருவி வந்து விழுந்தது. பச்சை முதுகு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, இறக்கையில் ஒரு துண்டு நீலம், வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. வால் மட்டும் தையற்காரர் துணி போதாமல் பாதியில் நிறுத்தியது மாதிரி இருந்தது.

அவர் அதை இரண்டு கையாலும் அள்ளி, ஒரு கூடையைக் கவிழ்த்து மூடி வைத்தார். "ஆறுமணிக்குருவி. வடக்கே இமயமலை அடிவாரத்துல இருந்து வருது. அவ்ளோ தூரம் பறந்து அசந்து போச்சு, பாவம்" என்றார். காலையில் கூடையைத் தூக்கியதும் அது ஓடிப்போய் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் நின்று ஒரு விசில் அடித்துவிட்டுப் போனது. அன்றைக்குத்தான் அவர் என்னோடு கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் பேசினார். எனக்கு அந்தக் குருவியை மிகவும் பிடித்துப்போனது.

எங்கள் பக்கத்தில் அந்தக் குருவிதான் கடிகாரம். பனிக்காலத்தில் விடியும்போது ஒரு தரம், இருட்டும்போது ஒரு தரம், இரட்டை விசில். அதைக் கேட்டுப் பால் கறப்பார்கள், அதைக் கேட்டு விளக்கு வைப்பார்கள்.

இங்கிலீஷ் புத்தகத்தில் அதற்கு 'பிட்டா' என்று பேர் போட்டிருந்தது. அதை அவர் பெருமையாகத் தபால்காரர் நரசிம்மலுவிடம் காட்டினார். நரசிம்மலு தெலுங்குக்காரர். விழுந்து விழுந்து சிரித்தார்.

"பிட்ட அண்ட்டே பிட்டே கதா சாமி! ஏ பிட்ட?"

தெலுங்கில் பிட்ட என்றாலே குருவிதான். "குருவி என்றால் குருவிதானே, எந்தக் குருவி?" என்கிறார். "பிட்டா!" என்கிறார் இவர். "அதான், ஏ பிட்ட?" என்கிறார் நரசிம்மலு. "பிட்டா-ங்கறன்!" வெயிலில் நின்று இரண்டு பேரும் இப்படியே கத்திக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் நம் ஊர் ஆளிடம் பேர் கேட்டு, சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டான் என்று கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

மடியில் ஒரு கடிதம்

அதே நரசிம்மலுதான் அடுத்த வைகாசியில் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, கிணற்றடியில் என் கையில் கொடுத்தார்.

கிருஷ்ணகிரியில் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. இரண்டு வருஷம், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் என் அண்ணன் எழுதிப்போட்ட மனு, இடம் இல்லை என்று ஒரு வருஷம் கிடந்து, இப்போது திடீரென்று உயிர் பெற்றிருந்தது. ஜூலை முதல் தேதிக்குள் வந்து சேர வேண்டும். வரவில்லை என்றால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். கூடவே ஒரு படிவம். அதில் கணவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

வாத்தியாரம்மா ஆக வேண்டும் என்பது பத்து வயசிலிருந்து என் ஆசை. ஆனால் அந்த வீட்டில் நாங்கள் தனியாக இருக்கிற நேரமே கிடையாது. விஷயம் மாமியார் காதில் முதலில் விழுந்தால் முடிந்தது கதை. மருமகள் விடுதியில் தங்கிப் படிப்பதா?

அப்போதுதான் அவர் வந்து, "இமயமலைக்குப் போலாமா?" என்றார். ஓசூரில் அவரோடு படித்த கோவிந்தன் என்பவர் பீம்தால் பக்கத்தில் ஒரு பழத்தோட்டத்தில் ஸ்டோர்கீப்பர். வீட்டில் வந்து தங்கச் சொல்லி எழுதியிருந்தார். இமயமலை என்றால் சாமி இருக்கிற இடம்தானே என்று மாமியார் சந்தோஷமாக அனுப்பிவைத்தார். நாங்களும் மறுத்துப் பேசவில்லை.

நான் கடிதத்தை எண்ணெய்த் துணியில் சுற்றி மடியில் முடிந்துகொண்டேன். இருபது நாள், அவரும் நானும் மட்டும். ஒரு வாக்கியம் சொல்ல நேரம் கிடைக்காதா என்ன?

ரயிலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பயம்தான். கேட்டுவிட்டால் "வேண்டாம்" என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். கேட்காத வரைக்கும் அந்த "வேண்டாம்" இல்லையே. மலைக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். பறவை பார்ப்பவர்கள் பேசவே கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

பழம் பழுத்ததா என்று கேட்கும் குயில்

காட்கோதாமில் ரயில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் பஸ். ஒவ்வொரு வளைவிலும் நான் கண்ணை மூடிக்கொண்டேன், அவர் தலையை வெளியே நீட்டினார்.

கோவிந்தன் மனைவி சரோஜா சேலத்துப் பெண். எங்களைக் கண்டதும் பேசத் தமிழ் ஆள் கிடைத்த ஆனந்தத்தில் ராத்திரி வரை மூச்சுவிடாமல் பேசினார். உப்புத் தூவி, காபல் என்கிற சின்னச் சிவப்புப் பழம் கொடுத்தார். காட்டில் ஒரு குயில் நாலு சுரத்தில் கூவியது. "காபல் பழுத்துடுச்சுன்னு சொல்லுதாம். இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார். எங்கள் ஊர்க் குருவி மணி சொல்கிறது, இந்த ஊர்க் குயில் பழம் பழுத்த சேதி சொல்கிறது. பறவைகளுக்குத்தான் எத்தனை உத்தியோகம்!

அவருக்கு இரண்டு ஆசை. ஒன்று, ஆறுமணிக்குருவி அதன் சொந்த ஊரில் கூடு கட்டியிருப்பதைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, அல்மோராவுக்கும் அப்பால் உயர்ந்த மலைகளில் இருக்கும் ஒரு காட்டுக்கோழி. புத்தகத்தில் வானவில்லைக் கரைத்துப் பூசினது மாதிரி படம் போட்டிருந்தது. 'மலைமயில்' என்று அவராகவே ஒரு பேர் வைத்து, அதைக் கனவிலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே நாலு நாள், மேலே நாலு நாள், அப்புறம் ஊர். அப்படித் திட்டம். அதன்படி நடந்தால் நான் ஜூன் முப்பதாம் தேதி ஜவளகிரியில் இருப்பேன். ஒரு நாள் தள்ளினாலும் போச்சு.

முதல் நாலு நாளில் ஆறுமணிக்குருவி கண்ணிலும் படவில்லை, காதிலும் விழவில்லை. அவருடைய கைக்கடிகாரம் மட்டும் ஏரியில் விழுந்து, எடுத்துப் பார்த்தபோது நின்றுபோயிருந்தது.

ஆறு அடித்தது

ஐந்தாம் நாள் காலை அல்மோரா பஸ். ஆறரைக்குத் தோட்டத்துக்குக் கீழே, டீக்கடை முன்னால் நிற்கும்.

தூக்கத்தில் கேட்டது அந்த இரட்டை விசில். எனக்கு ஜவளகிரியில் இருப்பது போலவே தோன்றியது. பால் கறக்கணுமே என்று எழுந்து உட்கார்ந்தேன். அப்புறம்தான் நினைவு வந்தது. அவரை உலுக்கினேன்.

"என்னாங்க, எந்திரிங்க! ஆறு ஆயிடுச்சு, குருவி கத்திடுச்சு!"

அவரும் கேட்டார். நாங்கள் இருவரும் அந்தக் குருவியை ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. படுக்கையைச் சுருட்டி, தகரப்பெட்டியைத் தூக்கி, முகம்கூடக் கழுவாமல் ஒரு மைல் சரிவில் ஓடி வந்தோம். டீக்கடை மூடியிருந்தது. தட்டினோம். கடைக்காரர் கம்பளியைப் போர்த்தியபடி வந்து, கடிகாரத்தைக் காட்டினார். ஐந்துகூட ஆகவில்லை.

கோடையில் அந்த ஊரில் பொழுது அவ்வளவு சீக்கிரம் விடிந்துவிடும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? பக்கத்து ஓடையிலிருந்து மறுபடி விசில். கொஞ்சம் கழித்து இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

"இதென்னா இது, ஆறு மணி எத்தனை வாட்டிதான் அடிக்கும்?" என்றார் அவர். முகமெல்லாம் சிரிப்பு. "பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்குது. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறன்."

அந்த ஒரு எட்டு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பெட்டியைக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்னாலேயே இறங்கினேன்.

ஓடைக்கரையில், தாழ்ந்த மரக்கிளை ஒன்றில், பந்து மாதிரி ஒரு கூடு. சுள்ளியும் வேரும் காய்ந்த இலையும் வைத்துக் கட்டினது. உள்ளிருந்து நம்ம குருவி எட்டிப் பார்த்தது. எங்கள் சமையலறையில் கூடைக்குள் கிடந்த அதே பச்சை, அதே சிவப்பு, அதே அரைகுறை வால். இணை ஒன்று கீழே சருகைக் கிளறி மண்புழுவோடு கூட்டுக்கு ஏறியது. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. மேலே சாலையில் ஹாரன் அடித்தது. இரண்டாம் தரம் அடித்தது. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"சும்னிரு. அது லாரி."

மூன்றாம் தரம் நீளமாக அடித்துவிட்டு, பஸ் எங்கள் தலைக்கு மேலேயே முனகிக்கொண்டு போனது.

அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மிகவும் சந்தோஷமாகவே சொன்னார்: "போவட்டும் விடு. நாளைக்குப் போலாம். லீவுதான் இருக்குதே, மேல ரெண்டு நாள் சேர்த்தே இருந்துட்டு வரலாம்."

மலை முழுக்கக் கேட்டது

"முடியாது!" என்றேன்.

அவர் விரல் தானாக எழுந்தது.

"வெரல எறக்குங்க! நான் ஜூலை ஒண்ணாந் தேதி கிருஷ்ணகிரியில இருக்கணும்! வாத்தியாரம்மா படிப்புக்கு எடம் கெடச்சிருக்குது! நீங்க கையெழுத்துப் போடணும்! அத சொல்லத்தான் அஞ்சு நாளா வாயத் தொறக்கறன், ஒவ்வொரு வாட்டியும் ஒரு குருவி வந்து உக்காந்துக்குது! எது பறந்தாலும் இனிமே எனக்குக் கவலை இல்ல!"

கூட்டிலிருந்த குருவி பறந்தது. கீழே இருந்ததும் பறந்தது. எதிர் மலைச்சரிவில் அதுவரை நாங்கள் பார்த்தே இராத ஏதோ ஒரு கூட்டம், முப்பது நாற்பது இருக்கும், மொத்தமாக எழும்பிப் போனது. ஓடைச் சத்தம் மட்டும் மிச்சம்.

அவற்றில் ஒன்றைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நீ... இவ்ளோ சத்தமா பேசுவியா?"

"நாட்றாம்பாளையத்துல இந்த மலையில இருந்து அந்த மலைக்குக் கத்தித்தான் பேசுவோம்" என்றேன். மடியிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன். எண்ணெய்த் துணி வேர்வையில் ஒட்டிக்கொண்டு பிரிய மாட்டேன் என்றது.

அவர் நின்றபடியே படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"ரெண்டு வருசமா?"

"ரெண்டு வருசம்."

"ஆஸ்டல்லயா?"

"ஆஸ்டல்ல."

"அம்மா என்னா சொல்லுவாங்களோ..."

"அதுல ஒங்க கையெழுத்துதான் கேட்டிருக்காங்க. அம்மா கையெழுத்து கேக்கல."

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சரிவில் ஏறினார். எனக்கு உயிரே இல்லை. கத்தியதில் இருந்த தைரியம் எல்லாம் ஓடையோடு போய்விட்டது. அவரைப் புண்படுத்திவிட்டேன் என்று தெரிந்தது. அதற்காக வருந்தினேன், ஆனால் சொன்ன எதையும் திருப்பி வாங்கிக்கொள்ள மனசில்லை.

அதற்குள் கீழே குருவி திரும்பி வந்துவிட்டது. மறுபடி விசில், மறுபடி விசில்.

அவர் நின்றார். "நம்மூர்ல ரெண்டே வாட்டிதான் கத்துது. இங்க மட்டும் ஏன் இப்படி ஓயாம கத்துது?" என்று எனக்கும் மரத்துக்கும் பொதுவாகக் கேட்டார்.

"அங்க அது பொழைக்க வந்த எடம். இது பொறந்த எடம்" என்றேன். "இங்க பேசாம வேற எங்க பேசும்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் எனக்கு எழுதத் தெரியவில்லை. வெட்கமும் சிரிப்பும் கலந்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே போகிற லாரி

சாலைக்கு வந்தோம். டீக்கடைக்காரர் கையை விரித்துக் காட்டினார். மேலே போகிற பஸ் இனி மறுநாள்தான். சற்று நேரத்தில் பீச் பழக் கூடைகளை ஏற்றிய லாரி ஒன்று மேலேயிருந்து இறங்கி வந்தது.

அவர் ஒரு நிமிஷம் அல்மோரா பக்கம் பார்த்தார். மேகம் விலகி, தூரத்து மலை ஒன்று நீலமாகத் தெரிந்தது. பிறகு சாலைக்கு நடுவில் போய் நின்று இரண்டு கையையும் ஆட்டி லாரியை நிறுத்தினார்.

"உங்க மலைமயிலு?" என்றேன்.

"அது எங்கயும் போவாது. ஏறு" என்றார்.

அது எங்கேயும் போகவில்லை. ஆனால் அதற்கப்புறம் இவருக்கு அந்தப் பக்கம் போகவே வாய்க்கவில்லை. இப்போதும் புத்தகத்தில் அந்தக் கோழியின் படம் வந்தால் எனக்கு நெஞ்சு கனக்கும். அவர் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

காட்கோதாம் ஸ்டேஷனில், டிக்கெட் கொடுப்பவரிடம் பேனா கடன் வாங்கி, தகரப்பெட்டியை மேஜையாக்கிக் கையெழுத்துப் போட்டார். கன்னடத்தில் போட்டார், அவருக்குக் கையெழுத்து அதில்தான் வரும். கிருஷ்ணகிரியில் செல்லுமோ செல்லாதோ என்று ஊர் வரை கவலைப்பட்டேன். பயிற்சிப் பள்ளி குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கத்து ஊரைச் சொல்லி, "தளிப் பக்கமா?" என்று கன்னடத்திலேயே கேட்டு முத்திரை குத்தினார். கடைசித் தேதிக்கு நாலு நாள் முன்னதாகவே சேர்ந்துவிட்டேன். மாமியார் நாற்பது நாள் பேசவில்லை, அப்புறம் ராகிமாவு மூட்டையோடு விடுதிக்கே வந்து நின்றார். அது வேறு கதை.

ஊர் திரும்பும் வழியில், தில்லியில் மதராஸ் வண்டி ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்ததும் அவர் பைனாகுலரைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"இன்னும் என்னென்னா சொல்லாம வெச்சிருக்க?" என்று கேட்டார்.

ஆரம்பித்தேன். வழியில் எத்தனையோ ஆறு, எத்தனையோ ஏரி, கொக்கும் நாரையுமாக ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தன. மதராஸில் வண்டி மாறி ஜோலார்பேட்டையில் இறங்கும்போதும் நான் முடித்திருக்கவில்லை.